ஷாட்கன் ஷெல்லின் பின்புறம் பார்த்து அழுத்தம் சொல்ல முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கத் தமிழர்களின் வாரக் கடைசிப் பொழுதுபோக்குகள் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். காய்கறித் தோட்டம், கிரிக்கெட் லீக், பறவை பார்த்தல் என்று வரிசையாக எழுதிவிட்டு, கடைசியில் பறக்கவிடும் களிமண் தட்டை ஷாட்கனால் சுடும் கிளே டார்கெட் விளையாட்டையும், சுட்ட ஷெல்களை (சின்னச் சின்னக் குண்டுகள் அடைத்த ஷாட்கன் தோட்டாக்களை) வீட்டிலேயே மறுபடி நிரப்பிக்கொள்ளும் பழக்கத்தையும் கட்டுரையாளர் இரண்டு பத்தியில் தொட்டிருக்கிறார். நம் ஆட்களிடம் இந்த விளையாட்டு பரவுவதை ஒரு தமிழ்ப் பத்திரிகை கவனித்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் மருந்து (பவுடர்) அதிகமாகிவிட்டதா என்பது சுட்ட தோட்டாவின் பின்புறத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும், ப்ரைமர், அதாவது மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி, தட்டையாகியிருந்தால் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் போதும் என்று ஒரு அன்பர் சொன்னதாக அதில் வந்திருக்கிறது. ரைபிள் தோட்டாவுக்கு இது பாதி உண்மை. ஷாட்கன் ஷெல்லுக்கு இது சுத்தமாகப் பொருந்தாது. நம்பி நடப்பவர் கையையோ கண்ணையோ இழக்கலாம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் மினியாபோலிஸ் பக்கம் குடியிருப்பவன். சொந்த ஊர் திருவெறும்பூர். பிரஷர் வெசல் (அழுத்தக் கலன்) செய்யும் தொழிற்சாலையில் தர ஆய்வு என் வேலை. மினசோட்டாவில் 2001இல் ஆரம்பித்த பள்ளி கிளே டார்கெட் லீக் இன்று பல மாநிலங்களுக்குப் பரவிவிட்டது; என் மகளும் அவள் பள்ளி அணியில் ட்ராப் என்ற கிளே டார்கெட் வகை சுடுகிறாள். ஏப்ரலில் சீசன் தொடங்கிவிட்டால் கிளப்பில் தமிழ்க் குடும்பங்களைச் சாதாரணமாகப் பார்க்கலாம். பிள்ளையைக் கொண்டுவிட வரும் அப்பாக்கள் கொஞ்ச நாளில் தாங்களும் ஒரு 12 கேஜ் (கேஜ் என்பது குழல் விட்டத்தின் அளவு) ஷாட்கன் வாங்கிவிடுகிறார்கள். அப்புறம் ஷெல் விலையைப் பார்த்துவிட்டு ஷெல் நிரப்பும் ஒரு ரீலோடிங் பிரஸ்ஸும் வீட்டுக்கு வந்துவிடுகிறது. உங்கள் கட்டுரை இவர்கள் கைக்குத்தான் போகும்.

முதலில் ரைபிளைப் பார்ப்போம். ரைபிள் தோட்டாவின் உறை பித்தளை. .30-06 தோட்டாவுக்கு எஸ்ஏஏஎம்ஐ வைத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு, அதாவது 60,000 பிஎஸ்ஐ. .308 வின்செஸ்டருக்கு 62,000, .270க்கு 65,000. எஸ்ஏஏஎம்ஐ என்பது அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா தயாரிப்பாளர்கள் 1926இல் ஏற்படுத்திய அமைப்பு. இங்கே இந்த அளவுகளெல்லாம் அவர்கள் வகுத்தவை. பித்தளை தன் உருவத்தை விட்டுக்கொடுக்க ஆரம்பிக்கும் இடத்துக்கு இந்த எண்கள் ரொம்பப் பக்கத்தில் இருக்கின்றன. அதனால்தான் வரம்பைத் தாண்டும்போது பித்தளை காட்டிக்கொடுத்துவிடுகிறது.

எப்படிக் காட்டிக்கொடுக்கும்? சுட்ட உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ப்ரைமரின் ஓரம் இயல்பாக லேசான வளைவோடு இருக்கும். அழுத்தம் ஏறினால் அந்த வளைவு மறைந்து, ப்ரைமர் தன் குழியை விளிம்பு வரை நிரப்பிக்கொண்டு, இஸ்திரி போட்டதுபோல் நிற்கும். ஃபயரிங் பின் அடித்த பள்ளத்தைச் சுற்றி ஒரு கரை எழும்பியிருக்கலாம். உறையின் அடியில், எழுத்துப் பொறித்த இடத்தில், பளபளவென்று ஒரு சின்ன வட்டமோ பிறையோ தெரிந்தால் அது எஜெக்டர் தழும்பு: தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டின் முகத்தில், சுட்ட உறையை வெளியே தள்ளும் எஜெக்டர் இருக்கும் துளைக்குள் பித்தளை பிதுங்கிப்போய், போல்ட்டைத் திருப்பும்போது வழிக்கப்பட்டிருக்கிறது. போல்ட் கைப்பிடி தூக்க முடியாமல் இறுகும். அடுத்த முறை நிரப்பும்போது புது ப்ரைமர் பிடிமானமே இல்லாமல் குழிக்குள் வழுக்கிக்கொண்டு போகும். அந்த உறையைக் குப்பையில் போட வேண்டியதுதான்.

இவ்வளவு அடையாளம் இருந்தும் இதைப் பாதி உண்மை என்று ஏன் சொன்னேன்? ஒவ்வொன்றுக்கும் வேறு காரணமும் இருக்க முடியும். ப்ரைமரின் கிண்ணம் கம்பெனிக்குக் கம்பெனி கடினத்தில் மாறும். மென்மையானது சரியான அழுத்தத்திலேயே தட்டையாகும், கடினமானது எல்லை தாண்டியும் வட்ட ஓரத்தோடு நிற்கும். சுட்ட உறையை மறுபடி பழைய அளவுக்கு அழுத்திச் சைஸ் செய்யும்போது, கழுத்துக்குக் கீழே குறுகும் அதன் தோளை அளவுக்கு மீறிப் பின்னால் தள்ளிவிட்டால், சுடும்போது ப்ரைமர் முதலில் பின்னுக்கு வந்து, பிறகு உறை வந்து மோதி அதைத் தட்டையாக்கும். அங்கே அழுத்தம் சாதாரணமாகவே இருந்திருக்கும். போல்ட்டில் ஃபயரிங் பின் துளை தளர்வாக இருந்தாலும் அந்தக் கரை எழும்பும். எல்லாவற்றையும்விட முக்கியம், நம்பகமான அடையாளமான எஜெக்டர் தழும்பு பெரும்பாலும் 65,000, 70,000 பக்கம் போன பிறகுதான் தெரியும். அது தெரியும்போது .308இன் வரம்பு எப்போதோ பின்னால் போயிருக்கும். ஆகவே ரைபிளிலும் இந்த அடையாளங்கள் ‘இதற்கு மேல் போகாதே’ என்ற வேலிதான். ‘இதுவரை போகலாம்’ என்ற அனுமதி இல்லை. விவரம் தெரிந்தவர்கள் குரோனோகிராஃப் வைத்து வேகத்தையும் பார்ப்பார்கள். அதே நீளக் குழலில் புத்தக அளவைவிட அதிக வேகம் வந்தால் அதிக அழுத்தமும் வந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். அந்த வேகம் சும்மா வராது.

சரி, இப்போது ஷாட்கன். 12 கேஜ் 2¾ அங்குல ஷெல்லுக்கும் 3 அங்குல ஷெல்லுக்கும் எஸ்ஏஏஎம்ஐ வரம்பு 11,500 பிஎஸ்ஐ. 20 கேஜுக்கு 12,000. ரைபிள் தோட்டாவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். குழலின் சுவரும் அதற்கேற்ற மெல்லிய சுவர்தான்; ஷெல் உட்காரும் சேம்பரைத் தாண்டி முன்னால் போகப் போக இன்னும் மெலியும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். யாரோ ஒருவர் தப்பாக நிரப்பி, 12 கேஜில் அழுத்தம் இரட்டிப்பாகிவிட்டது என்று வையுங்கள். 23,000. துப்பாக்கிக்கு அது பேராபத்து. ஆனால் உலோகம் பிதுங்கித் தழும்பு விழ வேண்டிய அளவில் அது பாதிகூட இல்லை. ஆக, ரைபிளில் நாம் தேடும் தழும்பு ஷெல்லின் அடியில் தோன்றுவதற்கு ரொம்ப முன்னாலேயே குழல் பிளந்துவிடக்கூடும். ஷெல்லின் உடம்போ பிளாஸ்டிக். அடியில் இருப்பது பித்தளை அல்லது பித்தளை முலாம் பூசிய எஃகுத் தகடு. ப்ரைமரும் ரைபிள் ப்ரைமர்போல் நேராகக் குழியில் உட்காருவதில்லை. 209 வகை ப்ரைமர் தனக்கென்று ஒரு சின்னக் கூட்டுக்குள் இருக்கிறது. அதன் முகம் மிதமான லோடிலும் (லோடு என்பது ஷெல்லில் நிரப்பும் மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்த கலவை) தட்டையாகும், கடுமையான லோடிலும் அழகாக நிற்கும். அதைப் பார்த்து ஜோசியம் சொல்லக் கூடாது.

இங்கே ஒரு விஷயத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இது பிளாஸ்டிக், பித்தளை வித்தியாசத்தால் மட்டும் வருவதில்லை. கைத்துப்பாக்கித் தோட்டாவான .38 ஸ்பெஷலும் பித்தளை உறைதான்; அதன் வரம்பு 17,000. .357 மேக்னம் 35,000 வரை போகும், அதன் உறையும் அதே பித்தளைதான், அதே மாதிரி சாதாரணமாகத் தாங்குகிறது. அப்படியென்றால் .38 உறை இரண்டு மடங்கு அழுத்தத்திலும் முகத்தில் எதையும் காட்டப்போவதில்லை. .45-70 மாதிரி பழைய ரைபிள் தோட்டாக்களுக்கும் இதே கதை. குறைந்த அழுத்தத்தில் வேலை செய்யும் எந்தத் தோட்டாவும் தன் வரம்பைத் தாண்டியதை உறையில் எழுதிக் காட்டாது.

என் வேலையில் ஒவ்வொரு கலனிலும் ஒரு பிரஷர் கேஜ் உண்டு, ரிலீஃப் வால்வு உண்டு. தொழிற்சாலையை விட்டு வெளியே போகுமுன் வேலை அழுத்தத்தைப்போல் 1.3 மடங்கில் தண்ணீர் ஏற்றிச் சோதிப்போம். வீட்டு கராஜில் ஷெல் நிரப்புகிறவரிடம் இதில் ஒன்றுமே கிடையாது. பவுடர் கம்பெனிகளின் ஆய்வகத்தில், அழுத்தம் அளக்கும் உணரி பொருத்திய சோதனைக் குழலில் சுட்டுப் பார்த்து வெளியிடும் அட்டவணை ஒன்றுதான் அவருக்கு இருக்கும் ஒரே கேஜ். அதில் எந்த ஹல் (ஷெல்லின் காலிக் கூடு), எந்த ப்ரைமர், எந்தப் பவுடர் எத்தனை கிரெயின் எடை, எந்த வாட் (பவுடருக்கும் குண்டுக்கும் நடுவில் வைக்கும் அடைப்பு), எத்தனை அவுன்ஸ் குண்டு என்று ஐந்தும் எழுதியிருக்கும். பக்கத்திலேயே வேகமும் அழுத்தமும் இருக்கும். ஐந்தில் ஒன்றை மாற்றினாலும் அந்த எண் நம்முடையது இல்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் செய்து காட்டுவது ஒன்று உண்டு. கிளப்பில் பொறுக்கிய வெவ்வேறு கம்பெனி 12 கேஜ் காலி ஹல் இரண்டை எடுத்து, நீளவாக்கில் ஹேக்ஸா பிளேடால் அறுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன். வெளியே பார்த்தால் உயரம், விட்டம், அடித்தகடு எல்லாம் ஒன்றுபோல். உள்ளே பார்த்தால் ஒன்று ரெமிங்டன் எஸ்டிஎஸ் மாதிரி ஒரே பிளாஸ்டிக்கில் அழுத்தி எடுத்தது. அடிப்பக்கம் தடித்து, மேலே வர வர மெலிந்து, உட்புறம் கூம்பாக இறங்கும். மற்றது செட்டைட் மாதிரி நேரான குழாய். அடியில் தனியாக ஒரு பேஸ் வாட் செருகியிருக்கும். பவுடர் எரியும் இடத்தின் அளவே இரண்டிலும் வேறு. ஒன்றுக்கு எழுதிய அளவை மற்றதில் போட்டால் வாட் சரியாக உட்காராது, ஷெல்லின் வாயை மடித்து மூடும் கிரிம்ப் ஒன்று குழிந்துபோகும் அல்லது மூடாது, அழுத்தம் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அறுத்த ஹல்லைக் கையில் கொடுத்த பிறகு யாரும் என்னிடம் வாதாடியதில்லை.

ஷாட்கன் பவுடர் வேகமாக எரிவது. எவ்வளவு இறுக்கமாக அடைபட்டிருக்கிறதோ அவ்வளவு வேகமாக எரியும். அதனால்தான் கிரிம்ப் கொஞ்சம் ஆழமாக இறங்கினாலே அழுத்தம் ஏறுகிறது. ப்ரைமர் விஷயம் இன்னும் மோசம். 2020இல் ஆரம்பித்த தட்டுப்பாட்டில் ப்ரைமர் கிடைக்காமல், கையில் கிடைத்ததைப் போட்டு நிரப்பும் பழக்கம் இங்கே பலரிடம் தொற்றிக்கொண்டது. எல்லாமே 209தானே, குழியில் பொருந்துகிறதே என்று கேட்கிறார்கள். பொருந்தும். ஆனால் ஃபெடரல் 209ஏ போன்ற சூடான ப்ரைமரை, மிதமான ப்ரைமருக்கு எழுதிய லோடில் மாற்றினால் அந்த ஒரு மாற்றமே அழுத்தத்தை ஆயிரக்கணக்கான பிஎஸ்ஐ தூக்கிவிடும். 10,500இல் இருந்த லோடு ஒன்று ப்ரைமர் மாறியதும் வரம்பைத் தாண்டும். சுட்டவருக்கு எதுவுமே தெரியாது. தட்டு உடையும், ஷெல் சுலபமாக வெளியே வரும்.

தோளில் தெரியாதா என்று கேட்பார்கள். தெரியாது. உதை என்பது எவ்வளவு எடை, எவ்வளவு வேகத்தில் வெளியே போகிறது என்பதைப் பொறுத்தது. 1⅛ அவுன்ஸ் குண்டை நொடிக்கு 1,145 அடி வேகத்தில் அனுப்பும் லோடுகள் அட்டவணையில் வரிசையாக இருக்கும். மெதுவாக எரியும் பவுடரில் 8,000க்குக் கீழே ஒன்று, வேகமாக எரியும் பவுடரில் 10,000க்கு மேலே ஒன்று. இரண்டும் தோளில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இடிக்கும். உதையை வைத்து அழுத்தம் சொல்கிறவர் சொல்வதெல்லாம் வேகத்தைத்தான்.

ஷெல் வெளியே வராமல் இறுகினால்? அது சந்தேகப்பட வேண்டிய விஷயம்தான், சுடுவதை நிறுத்துங்கள். ஆனால் மலிவான எஃகு அடித்தகடு கொண்ட ஷெல்கள் கரடுமுரடான சேம்பரில் கம்பெனி லோடிலேயே சிக்கும். ஹல்லின் வாய் பிளப்பதும் புகைக்கறை படிவதும் பலமுறை நிரப்பித் தேய்ந்ததன் அடையாளம். ப்ரைமர் கழன்று விழுந்தாலோ, அடித்தகடு பிளாஸ்டிக்கை விட்டுப் பிரிந்தாலோ, அந்தப் பெட்டியில் மிச்சமிருக்கும் ஷெல் ஒன்றைக்கூடச் சுடக் கூடாது.

விசித்திரம் என்னவென்றால், ஷாட்கன் குறைந்த அழுத்தத்தைத் தெளிவாகச் சொல்லும். மினசோட்டாவில் ஏப்ரல் மாதத்திலும் பனி கொட்டும். மிதமான லோடுகள் அந்தக் குளிரில் சரியாகப் பற்றாது. ‘டப்’ என்று இல்லாமல் ‘புளப்’ என்று ஒரு சத்தம், குழலில் எரியாத பவுடர் துகள்கள். அந்தச் சத்தம் கேட்டால் உடனே துப்பாக்கியைத் திறந்து, ஷெல்லை எடுத்துவிட்டு, குழல் வழியே வானத்தைப் பார்க்க வேண்டும். வாட் நடுக்குழலில் நின்றிருக்கலாம். அதைப் பார்க்காமல் அடுத்த ஷெல்லைச் சுட்டால் குழல் அந்த இடத்தில் வெடிக்கும். இதனால்தான் ‘கொஞ்சம் குறைத்துக்கொண்டால் போதும்’ என்ற உங்கள் கட்டுரை வாக்கியம் இரண்டு பக்கமும் தப்பாகிறது. ரைபிளில் உச்ச அளவிலிருந்து பத்து சதவீதம் குறைத்துத் தொடங்கி, அடையாளங்களைப் பார்த்துக்கொண்டே படிப்படியாக ஏறுவது வழக்கம். ஷாட்கன் அட்டவணையில் பெரும்பாலும் தொடக்க அளவு என்று ஒன்று தனியாக இருக்காது. ஒரு லோடுக்கு ஒரு அளவு. அதை அப்படியே நிரப்ப வேண்டும், ஏற்றவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம்.

அப்பா 12 கேஜ், பிள்ளை 20 கேஜ் சுடும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு ஷெல்லையும் ஒரே பையில் போடாதீர்கள். 20 கேஜ் ஷெல் 12 கேஜ் சேம்பரில் நிற்காமல் வழுக்கி முன்னால் போய்க் குழலில் உட்கார்ந்துகொள்ளும். பின்னாலிருந்து பார்த்தால் சேம்பர் காலி. அதன் பின்னால் 12 கேஜ் ஷெல்லும் போட்டுச் சுட்டவர்கள் விரல்களை இழந்திருக்கிறார்கள். 20 கேஜ் ஷெல்லை மஞ்சள் நிறத்தில் செய்வதே இதற்காகத்தான். அதேபோல் 3 அங்குல ஷெல் 2¾ அங்குல சேம்பருக்குள் தாராளமாகப் போகும், ஏனென்றால் அந்த அளவு கிரிம்ப் விரிந்த பிறகு வரும் நீளம். விரிய இடமில்லாமல் வாய் நெருக்கப்படும்போது அழுத்தம் ஏறும். குழலின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் நீளத்தைப் படித்துவிட்டுத்தான் ஷெல் வாங்க வேண்டும்.

வாத்து வேட்டைக்கு 1991 முதல் இங்கே நாடு முழுக்க ஈயக் குண்டு தடை. எஃகுக் குண்டு போட வேண்டும். ஈயத்துக்கு எழுதிய லோடில் எஃகைக் கொட்டலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. கூடவே கூடாது. எஃகு நசுங்காது, அதற்கென்று தடித்த வாட், மெதுவான பவுடர், தனி அட்டவணை.

நடைமுறையில் என் யோசனை இது. 12 கேஜ் டார்கெட் ஷெல்லை இன்றைய விலையில் வீட்டில் நிரப்புவதால் பெரிதாக மிச்சமில்லை, 28 கேஜும் .410உம் ஆன சின்ன ஷெல்கள் சுடுகிறவர்களுக்கு வேண்டுமானால் லாபம். அப்படியும் நிரப்பினால் பவுடர் கம்பெனியின் தற்போதைய அட்டவணையில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, அந்த ஐந்து பொருளையும் பெயர் மாறாமல் வாங்குங்கள். கிடைக்கவில்லையா, கிடைப்பதற்கு ஏற்ற வேறு வரியைத் தேடுங்கள். மெஷினோடு வரும் புஷிங் (பவுடர் அளவைத் தீர்மானிக்கும் துண்டு) அட்டவணையை நம்பாமல், அது கொட்டும் பவுடரைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். கைப்பிடியை இழுக்கும் வேகத்துக்கும் மேசை ஆட்டத்துக்கும் ஏற்ப அது மாறும். புத்தகத்தில் இல்லாத லோடுதான் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்களுக்கு, காசு வாங்கிக்கொண்டு அழுத்தம் அளந்து தரும் ஆய்வகங்கள் இங்கே இருக்கின்றன. பத்து ஷெல் அனுப்பி எண்ணைத் தெரிந்துகொள்ளட்டும்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு நிரப்ப லைசென்ஸ் வேண்டாம், விற்பதற்குத்தான் வேண்டும். இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி அனுமதியில்லாமல் தோட்டா தயாரிப்பதே குற்றம். கட்டுரையில் இந்த வித்தியாசம் சொல்லப்படவில்லை. புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ட்ராப் சுட்டதைப் பார்த்து ஆர்வம் வந்த பிள்ளைகள் முறையான ரைபிள் கிளப்புக்குப் போகட்டும்.

அந்த ஒரு வாக்கியத்துக்குத் திருத்தம், கட்டுரை வந்த அதே ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இடம் குறைவு என்றால் என் கடிதத்தில் வேறு எதை வெட்டினாலும் சரி, ப்ரைமர் மாற்றுவது பற்றிய பத்தியையும், ‘புளப்’ சத்தம் கேட்டால் குழலைப் பார்க்கச் சொன்னதையும் விட்டுவிடாதீர்கள். ஏப்ரல் சீசனுக்கு முன்னால் வந்தால் இங்கே கிளப் பலகையில் ஒட்டிவைப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
மினியாபோலிஸ், மினசோட்டா